டோனி ஐயோமியின் இரண்டு விரல் நுனிகள்

பிளாக் சப்பாத் என்ற ஆங்கில ராக் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமியின் கதை தன்னம்பிக்கைப் பதிவுகளில் அடிக்கடி சுற்றி வரும். ஃபேக்டரியில் விரல் துண்டான பையன் விடாமுயற்சியால் உலகப் புகழ் பெற்றான், அந்த விபத்து நடக்காவிட்டால் ஹெவி மெட்டல் என்ற கனத்த ராக் இசையே கிடையாது என்று நாலு வரியில் முடித்துவிடுவார்கள். கடைசியில் ‘எல்லாம் நன்மைக்கே’ என்று ஒரு வரி. இருபது வருடமாக அவர் வாசிப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தக் கதையை இப்படிச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

நடந்தது என்ன? ஐயோமி 1948இல் பர்மிங்ஹாமில் பிறந்தவர். இத்தாலிய வம்சாவளிக் குடும்பம், ஆஸ்டன் பகுதியில் ஒரு சின்னக் கடை. பள்ளி முடித்ததும் தகடு வேலை செய்யும் ஒரு ஃபேக்டரியில் வெல்டிங் பிரிவில் சேர்ந்தார். பதினேழு வயதில் ஒரு இசைக்குழுவில் இடம் கிடைத்தது, ஜெர்மனிக்குப் போய் வாசிக்கலாம் என்றார்கள். வேலையை விட்டுவிட முடிவு செய்தார். அன்றுதான் கடைசி நாள். பிரஸ் மெஷினில் வேலை செய்யும் ஆள் வரவில்லை என்று இவரைக் கொண்டுபோய் அதில் நிறுத்தினார்கள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், இனி திரும்பிப் போகப்போவதில்லை என்று அம்மாவிடம் சொன்னார். எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பிவைத்தார். திரும்பிப் போனார். மெஷின் வலது கைமேல் இறங்கியது. பதறிப்போய்க் கையை இழுத்தார். நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் மெஷினிலேயே தங்கிவிட்டன.

வலது கைதானே, இடது கையால் கம்பியை அழுத்தி வாசித்திருக்கலாமே என்று தோன்றும். ஐயோமி இடது கைக்காரர். கிட்டாரைத் திருப்பிப் பிடிப்பவர். மற்றவர்களுக்கு இடது கை செய்யும் வேலையை அவருக்கு வலது கைதான் செய்ய வேண்டும். கம்பியை அழுத்துகிற விரல்களிலேயே இரண்டு போயின.

கிட்டார் கற்றுக்கொண்ட முதல் மாதத்தை நான் மறக்கவில்லை. நல்ல விரல் நுனியே கம்பி அழுத்தி அழுத்திச் சிவந்து, தண்ணீர் டம்ளரைத் தொட்டாலும் எரியும். நுனியே இல்லாமல், எலும்பு வெளியே தெரிந்த விரலோடு ஒரு பையன் கிட்டாரை எடுத்து மடியில் வைத்திருக்கிறான். இதில் நன்மை எங்கே இருக்கிறது? பழக்கமில்லாத மெஷினில் ஒரு சின்னப் பையனை நிறுத்தியதால் நடந்த தொழிற்சாலை விபத்து இது. முதலில் அதை அப்படிச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

மருத்துவர்கள் இனி வாசிக்க முடியாது என்றார்கள். அந்த ஃபேக்டரி ஃபோர்மேன் வீட்டுக்கு ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து, இதைப் போட்டுக் கேள் என்றார். கிட்டார் இசையைக் கேட்கிற மனநிலையில் பையன் இல்லை. வற்புறுத்திக் கேட்க வைத்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்: வாசிப்பவர் ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட், 1928இல் தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிப்போனவர், மீதி விரல்களை வைத்துக்கொண்டுதான் இப்படி வாசிக்கிறார். பிளாக் சப்பாத் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்த ஃபோர்மேனை நான் நினைத்துக்கொள்வேன். அவர் ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. ஒரு தட்டைக் கையில் கொடுத்தார்.

அடுத்து ஐயோமி செய்ததுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய விஷயம். பாத்திரம் கழுவும் ஃபேரி லிக்விட் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கினார். சூடான சால்டரிங் அயர்னால் விரல் நுழையும் அளவுக்குக் குழி போட்டார். உப்புத்தாள் வைத்துத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி வடிவத்துக்குக் கொண்டுவந்தார். வெறும் பிளாஸ்டிக் கம்பியில் வழுக்கியது. பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து துண்டு வெட்டி மேலே ஒட்டினார், அந்தத் தோலையும் கெட்டியாகும்வரை தேய்த்துப் பதப்படுத்தினார். பட்டறையில் வேலை கற்ற கை செய்த வேலை இது. மன உறுதி மட்டும் போதாது, எந்தப் பொருள் எந்தச் சூட்டில் இளகும், எங்கே பிடிக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவை நம் பதிவுகளில் யாரும் கொண்டாடுவதில்லை.

அப்புறம் கம்பி. அப்போது கடையில் கிடைத்த கிட்டார் கம்பிகள் தடிமனானவை, அவருக்கு வலித்தது. மெல்லிய பாஞ்சோ கம்பிகளை வாங்கி மேல் சுரங்களுக்குக் கட்டி, மற்றக் கம்பிகளை ஒவ்வொரு இடமாகத் தள்ளிப் போட்டார். மெல்லிய கம்பி செட் தயாரித்துக் கொடுங்கள் என்று கம்பெனிகளிடம் கேட்டபோது, இதை யார் வாங்குவார்கள் என்று மறுத்தார்கள். இன்று எந்த இசைக்கருவிக் கடையிலும் அது கிடைக்கிறது.

செயற்கை நுனிக்குத் தொடு உணர்ச்சி கிடையாது. கம்பியை எவ்வளவு அழுத்துகிறோம் என்று விரலுக்குத் தெரியாது, காதுதான் சொல்ல வேண்டும். அதனால் சில கார்டுகளை, அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கும் பிடிகளை, கைவிட்டார். இரண்டு மூன்று கம்பிகளில் அடங்கும் கனமான கார்டுகளை முன்னுக்குக் கொண்டுவந்தார்.

விபத்தால்தான் மெட்டல் பிறந்தது என்பவர்கள் சொல்லும் பெரிய ஆதாரம், விரலுக்கு அழுத்தச் சுலபமாக அவர் கம்பியைத் தளர்த்திச் சுருதியை இறக்கினார் என்பது. இறக்கினார், உண்மை. ஆனால் மூன்று அரைச்சுரம் இறக்கி வாசித்தது 1971இல் வந்த மூன்றாவது ஆல்பமான ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில். 1970 பிப்ரவரி 13இல் வந்த முதல் ஆல்பம் வழக்கமான சுருதியில்தான் இருக்கிறது. அதன் முதல் பாட்டைக் கேளுங்கள். மூன்றே சுரம், மெதுவாக, நடுவில் நிறைய மௌனம். அந்தக் கனம் கம்பியின் தளர்வில் வந்ததல்ல. எதை வாசிக்காமல் விட வேண்டும் என்று யோசித்த ஒரு மூளையிலிருந்து வந்தது. பிரஸ் மெஷினுக்கு அந்தப் பெருமையைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

உழைப்பும் அப்படித்தான். 1968 கடைசியில் ஜெத்ரோ டல் என்ற இன்னொரு ராக் குழுவில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிவந்தார். அங்கே பார்த்தது ஒழுங்கு. வந்ததும் தன் குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன், பேஸ் கிட்டார் கீசர் பட்லர், டிரம்ஸ் பில் வார்டு மூவரையும் காலை ஒன்பது மணிக்கு ஒத்திகைக்கு வரச் சொன்னார். ஃபேக்டரி ஷிஃப்ட் மாதிரி. அந்த ஒத்திகை இருந்ததால்தான் முதல் ஆல்பத்தை ஏறக்குறைய ஒரே நாளில் பதிவு செய்ய முடிந்தது. 1970 செப்டம்பரில் வந்த இரண்டாவது ஆல்பம் ‘பாரனாய்ட்’ பிரிட்டனில் முதலிடம். தலைப்புப் பாட்டு, ஆல்பத்தில் இடம் நிரப்ப ஒன்று தேவை என்று அரைமணி நேரத்துக்குள் உருவானது.

பிறகு போதை, சண்டை, ஆள் மாற்றம். 1979இல் ஆஸி வெளியேற, பாடகராக ரோனி ஜேம்ஸ் டியோ வந்து 1980இல் ‘ஹெவன் அண்ட் ஹெல்’ என்ற அருமையான ஆல்பம். பாடகர்கள் வந்தார்கள், போனார்கள். எல்லா ஆல்பத்திலும் இருந்த ஒரே ஆள் ஐயோமி.

2012 தொடக்கத்தில் லிம்ஃபோமா புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்கு நடுவிலேயே ‘13’ ஆல்பத்துக்கு இசையமைத்தார். 2013 ஜூனில் அது பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, 1970க்குப் பிறகு முதல் முறை. அதில் பில் வார்டு இல்லாதது இன்றும் எனக்கு உறுத்துகிறது. ஒப்பந்தத் தகராறில் அவர் விலகியிருந்தார், அந்த டிரம்ஸின் ஆட்டம் வேறு யாரிடமும் இல்லை.

2025 ஜூலை 5. வில்லா பார்க் மைதானம், அவர்கள் வளர்ந்த அதே ஆஸ்டன். நால்வரும் இருபது வருடம் கழித்து ஒரே மேடையில், பில் வார்டும்தான். ஆஸி நிற்க முடியாமல் சிம்மாசனம் போன்ற நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். பதினேழு நாளில் அவர் இறந்துபோனார். கடைசிப் பாட்டு, அந்த இடம் நிரப்ப எழுதிய ‘பாரனாய்ட்’. எல்லோரும் ஆஸியைப் பார்த்து அழுதார்கள், நானும் அழுதேன். ஆனால் அந்த வீடியோவைத் திரும்பப் போட்டபோது நான் பார்த்ததெல்லாம் ஐயோமியின் வலது கையைத்தான். 77 வயது. இரண்டு விரல்களில் உறை. ஒரு சுரம்கூடத் தள்ளி விழவில்லை.