பழைய டிராக்டர் வாங்கினா ஸ்கிராப்புக்கு போயிடுமா? அது புரளி

"10 வருஷம் ஆன டிராக்டரை எல்லாம் கட்டாயம் உடைக்கணும், மத்திய அரசு ஆர்டர்"னு ஒரு மெசேஜ் சுத்திக்கிட்டு இருக்கு. பொய் அது. 2023லயே சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இப்படி எந்த விதியும் இல்லைன்னு மறுத்துட்டாங்க, ஆனாலும் வருது.

விவசாய டிராக்டருக்கு முதல்ல 15 வருஷத்துக்கு ரிஜிஸ்ட்ரேஷன், அது முடிஞ்சா ஆர்டிஓல வண்டியைக் காட்டி அஞ்சஞ்சு வருஷமா புதுப்பிச்சுக்கலாம். 15 வருஷத்தோட கட்டாயம் ஓரங்கட்டணும்ங்கிறது அரசாங்கத்துக்குச் சொந்தமான வண்டிகளுக்குத்தான், டெல்லி பக்கம் 10 வருஷ டீசல் வண்டிக்கு வந்த தடையையும் சேர்த்துக் குழப்பிட்டாங்க போல.

இதுல யாருக்கு லாபம்னா புரோக்கருக்குத்தான், "இனி செல்லாதுண்ணே"ன்னு பயமுறுத்தி நல்லா ஓடுற மேஸ்ஸி 1035 டிராக்டரை அடிமாட்டு விலைக்குக் கேப்பான்.

வாங்குறவங்க வயசைப் பாக்காதீங்க, ஆர்சில இருக்கிற இன்ஜின் நம்பர், சேஸ் நம்பர் வண்டியில இருக்கிறதோட ஒத்துப்போகுதா, பழைய லோன் கேன்சல் ஆயிருக்கான்னு பாருங்க, அப்புறம் இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து பாருங்க, புகை குபுகுபுன்னு தள்ளினா இன்ஜினுக்குள்ள இருக்கிற ரிங்கு, லைனர் தேஞ்சிருக்கு, செலவு இருக்கு. கலப்பையை மாட்டி, டிராக்டர் பின்னாடி இருக்கிற ஹைட்ராலிக் லிப்ட்ல தூக்கி நிறுத்துங்க, தானா இறங்கினா ஹைட்ராலிக்ல வேலை இருக்குன்னு அர்த்தம், அதைச் சொல்லி விலையைக் குறைங்க. வாங்கின 30 நாளுக்குள்ள பேர் மாத்த அப்ளை பண்ணிடுங்க.