எமி ஷெரால்டுக்கு வரையத் தெரியும்

நேற்று அந்தக் குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அமெரிக்க ஓவியர் எமி ஷெரால்டு வரைந்த மிஷேல் ஒபாமாவின் உருவப்படத்தைப் போட்டு, "கறுப்புத் தோலை வரையத் தெரியாமல் சாம்பலைப் பூசி வைத்திருக்கிறார்" என்று ஒருவர் எழுத, கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். அதில் என் நண்பர்கள் சிலரும் இருந்தார்கள். அதுதான் வலிக்கிறது.

எமி ஷெரால்டுக்கு வரையத் தெரியும். அந்தச் சாம்பல் நிறம் தெரிந்தே பூசியது. கறுப்போடு நேப்பிள்ஸ் மஞ்சள் என்கிற வெளிர்மஞ்சள் வண்ணத்தைக் கலந்து அவர் உண்டாக்கிக்கொண்ட நிறம் அது. 2018இல் அந்தப் படம் வாஷிங்டனின் தேசிய உருவப்பட அரங்கில் திறக்கப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அவர் அப்படித்தான் வரைகிறார். 2016இல் அதே அரங்கின் போட்டியில் முதல் பரிசு வாங்கிய முதல் பெண் அவர். பரிசு பெற்ற படத்தில் சிவப்புத் தொப்பியும் வெள்ளைக் கையுறையுமாக, பெரிய தேநீர்க் கோப்பையைப் பிடித்து நிற்கும் பெண்ணுக்கும் சாம்பல் தோல்தான். தொப்பிக்கு அவ்வளவு நிறம் கொடுக்கத் தெரிந்தவருக்குத் தோலுக்குக் கொடுக்கத் தெரியாதா?

பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களிலிருந்து வந்தது அந்தச் சாம்பல். மற்றவர்கள் கறுப்பினத்தவரைக் கேலிச்சித்திரமாக வரைந்துகொண்டிருந்த காலத்தில், அவர்கள் ஸ்டுடியோவுக்குப் போய், பிடித்த உடுப்பைப் போட்டு, தாங்கள் விரும்பியபடி நின்று எடுத்துக்கொண்ட படங்கள். ஷெரால்டின் பெண்களும் அப்படித்தான் நேராக நம்மைப் பார்க்கிறார்கள். தோலைப் பார்த்ததும் முடிவுக்கு வந்துவிடுகிற கண், முதலில் அந்தப் பெண்ணைப் பார்க்கட்டும் என்கிறார்.

"கறுப்பை மறைப்பதும் வெளுப்புதானே?" என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான், அமெரிக்காவிலேயே கேட்டிருக்கிறார்கள். ஆனால் வெளுப்பு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். என் அக்காவின் கல்யாண ஆல்பத்தில் அக்கா இல்லை, ரோஸ் நிறத்தில் வேறு யாரோ இருக்கிறாள். ஸ்டுடியோக்காரர் கேட்காமலே செய்து கொடுத்தார், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அக்கா அந்த ஆல்பத்தைத் திறப்பதே இல்லை. அது வெளுப்பு. பார்க்கிறவருக்குப் பிடித்த மாதிரி ஒருத்தியை மாற்றுவது. ஷெரால்டு யாரையும் யாருக்காகவும் மாற்றவில்லை.

"அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணுக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்?" என்று அடுத்து வருவார்கள். அவர்கள் பட்டதும் நாம் பட்டதும் ஒன்று என்று நான் சொல்லவே இல்லை. பிரியோனா டெய்லர் என்ற கறுப்பினப் பெண் 2020 மார்ச்சில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் தன் வீட்டுக்குள்ளேயே போலீஸ் சுட்டு இறந்தபோது அவருக்கு வயது 26. ஷெரால்டு அவரை நீலப்பச்சை உடையில் வரைந்தார். காதலர் கொடுக்க நினைத்திருந்த மோதிரத்தை விரலில் போட்டுவிட்டார். அந்தப் படத்திலும் அதே சாம்பல் தோல்தான். வாருங்கள், அதற்குக் கீழேயும் சிரிப்புக் குறி போடுங்கள் பார்ப்போம்.

"ஒரு ஓவியத்துக்கு இவ்வளவு கோபமா?" ஆமாம், இவ்வளவு கோபம்தான். 2025இல் இதே தேசிய அரங்கில் நடக்கவிருந்த தன் சொந்தக் கண்காட்சியையே அவர் விலக்கிக்கொண்டார். சுதந்திர தேவியாக நிற்கும் ஒரு திருநங்கையின் படத்தைக் காட்டுவதில் அவர்கள் தயங்கினார்கள் என்பதுதான் காரணம். தான் வரைந்தவர்களுக்காக அவர் அவ்வளவு தூரம் போகிறார்.

படம் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று எழுதுங்கள், சண்டைக்கு வர மாட்டேன். வரையத் தெரியவில்லை என்று எழுதினால் ஒவ்வொரு முறையும் வருவேன்.