"பிடிச்சிருக்கா?" என்று முதலில் கேட்காதீர்கள்

ஓவிய வகுப்பில் ஒரு படத்தைக் காட்டியதும் "எப்படி இருக்கு, பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் அழகியல் பாடம் அங்கேயே முடிந்தது. "நல்லாருக்கு சார்" என்று கோரஸாகப் பதில் வரும். அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்காது.

பிடித்திருப்பது வேறு, நன்றாகச் செய்யப்பட்டிருப்பது வேறு. "எனக்குப் பிடிக்கல, ஆனா நல்லா வரைஞ்சிருக்கார்" என்று காரணத்தோடு ஒரு பிள்ளை சொன்னால் அதுதான் அழகியல்.

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலைப் படத்தை (சுமார் 1831) எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், ஓவியர், நாடு எதையும் சொல்லாதீர்கள். சொன்னால் பார்ப்பதை விட்டுவிட்டுக் குறிப்பெடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். முதல் 3 நிமிடம் பேச்சே கூடாது. அடுத்த 10 நிமிடம் கண்ணில் படுவதை மட்டும் சொல்லட்டும். "பயமா இருக்கு" என்று யாராவது சொன்னால் "எதைப் பார்த்து?" என்று மட்டும் கேளுங்கள். நகம் மாதிரி வளைந்த நுரையைக் காட்டுவார்கள். 3 படகுகளையும் அதில் குனிந்திருக்கும் ஆட்களையும் அப்போதுதான் பலர் கவனிப்பார்கள். நடுவிலுள்ள ஃபூஜி மலையை இன்னொரு அலை என்பார்கள். உடனே திருத்தாதீர்கள், ஓவியர் மலையை ஏன் அலை மாதிரியே வரைந்தார் என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறக்கும்.

புரொஜெக்டரில் ஒரு சிக்கல் உண்டு. சுவர் முழுக்க விரியும் அந்தப் படத்தின் அச்சு சுமார் 25 × 37 செ.மீ. தான், ஏ3 தாளைவிடச் சிறியது. அந்த அளவுக்கு ஒரு தாளை வெட்டிக் கையில் பிடித்துக் காட்டிவிட்டு, "இப்பவும் பயமா இருக்கா?" என்று கேளுங்கள்.

பெரிய வகுப்புகளுக்குப் பிக்காசோவின் காளைத் தலை (1942) என்ற சிற்பம். சைக்கிள் சீட்டும் ஹேண்டில்பாரும், அவ்வளவுதான். கழற்றி மறுபடி சைக்கிளில் மாட்டினால் கலைப்படைப்பு எங்கே போனது? இங்கே கைதூக்கச் சொல்லாதீர்கள். தூக்கிய கையைக் காப்பாற்றத்தான் வாதாடுவார்கள். "ஏனென்றால்" வருகிற மாதிரி ஒரே ஒரு வரி எழுத 2 நிமிடம் கொடுங்கள். விவாதம் முடிந்ததும் அதன் கீழேயே இன்னொரு வரி. மனம் மாறியவர்களை முதலில் பேசவிடுங்கள். (டூஷாம்ப் என்ற கலைஞர் 1917-இல் கலைப்படைப்பு என்று முன்வைத்த சிறுநீர்க் கலத்தை ஆறாம் வகுப்பில் காட்டிவிடாதீர்கள். சிரிப்பு அடங்கவே பாதி வகுப்பு போய்விடும்.)

"அழகு அவரவர் ரசனை" என்று ஒருவர் சொன்னால் எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள். "அப்போ இவ்வளவு நேரம் எதுக்குச் சண்டை போட்டோம்?" என்று கேட்டுப் பாருங்கள், மறுபடி சூடு பிடிக்கும்.

மதிப்பெண் கருத்துக்கு அல்ல, காரணத்துக்கு. "அருமையான ஓவியம், நீல நிறம் அழகு" என்பதற்கு 5க்கு 1 போதும். "எனக்குப் பிடிக்கல, அலை கல்லு மாதிரி நிக்குது, தண்ணி இப்படி நிக்காது" என்று எழுதிய பிள்ளைக்கு நான் 4 போடுவேன்.