டோ மோடு கியர்பாக்ஸைத் தேய்க்காது, காப்பாற்றும்

டோ மோடில் (ஆட்டோமேட்டிக் வண்டியில் டிரெய்லரோ பாரமோ இழுக்கும்போது போடுகிற மோடு) இன்ஜின் அதிகமாக உறுமுகிறது, அதனால் கியர்பாக்ஸ் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அது தவறுங்க. நான் துபாயில் 11 வருடம் ஆட்டோமேட்டிக் பிக்கப்பில் ஜெனரேட்டர் டிரெய்லர் இழுத்தவன், இப்போது காரைக்குடியில் இருக்கிறேன். கியர்பாக்ஸுக்கு எதிரி சூடுதான். பாரத்தோடு ஏறும்போது சாதாரண மோடில் வண்டி 5-வது கியருக்குப் போகும், இழுக்க முடியாமல் 4-க்கு வரும், திரும்ப 5, திரும்ப 4, ஒவ்வொரு மாற்றத்திலும் உள்ளே கிளட்ச் வழுக்கும், இன்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரும் லாக் ஆகாமல் ஆயிலைக் கடைந்துகொண்டே இருக்கும், இதில்தான் சூடு ஏறும். டோ மோடு போட்டால் கீழ் கியரைப் பிடித்து வைத்திருக்கும், மேல் கியருக்குத் தாமதமாகத்தான் போகும். பல வண்டிகளில் இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டதும் கியரைக் குறைத்து இன்ஜினாலேயே வேகத்தை அடக்கும்.

முதல் வருடம் விவரம் தெரியாமல் ஹத்தா என்ற துபாய் மலைப்பகுதி ஏற்றத்தில் டோ மோடைப் போடாமலே ஓட்டினேன். கியர்பாக்ஸ் ஆயிலைப் பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியை உருவினால், சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் வரக்காப்பி நிறத்தில், கருகிய வாடையோடு!

ஆத்தங்குடியிலிருந்து கல் ஏற்றி வரும் நம்ம ஊர் டிராக்டர் அண்ணன்களைப் பாருங்கள், கண்மாய்க் கரை மேடு வருவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுவார்கள், பாதி மேட்டில் கை வைக்க மாட்டார்கள். டோ மோடு செய்வதும் அதே வேலைதான். டிரெய்லர் காலியாக, ரோடு சமதளமாக இருந்தால் தேவையில்லை, எரிபொருள்தான் கூடப் போகும். அப்புறம், அந்த மோடு இருக்கிறதே என்று கம்பெனி சொன்ன எடைக்கு மேல் ஏற்றாதீர்கள். தயவுசெய்து அந்த வரியைத் திருத்துங்கள், அதை நம்பி யாராவது அணைத்துவிட்டு மலை ஏறப்போகிறார்கள்.