மூலிகை டப்பாவும் பன்றிக்குட்டி வயிறும்

வெண்பன்றி வளர்க்கும் நண்பர்கள் மூன்று பேர் இந்த மாதம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். குட்டிக்குக் கழிச்சல் வராமல் இருக்க, சீக்கிரம் எடை ஏற, எந்த மூலிகைப் பவுடர் போடலாம்? தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன்.

மூலிகைக்கு நான் எதிரி இல்லை. ஓமத்தில் இருக்கும் தைமால் கிருமியை அடக்கும். ஐரோப்பாவில் தைம், ஆரிகனோ என்ற மூலிகைகளின் எண்ணெய் என்று விற்பதிலும் முக்கியச் சரக்கு தைமாலும் அதைப் போன்ற கார்வக்ராலும்தான். அங்கே 2006 ஜனவரியிலிருந்து வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலக்கக் கூடாது. 2022இல், கழிச்சலுக்கு அதிக அளவில் போட்டுவந்த துத்தநாக ஆக்சைடும் போய்விட்டது. நம் நாட்டிலும் 2019இல் கால்நடைத் தீவனத்தில் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தடை செய்தார்கள். அந்தக் காலி இடத்தில்தான் மூலிகை டப்பாக்கள் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

என் சண்டை டப்பாவோடுதான். போன வருடம் நானும் ஒன்று வாங்கினேன். "அரிய மூலிகைகளின் கலவை" என்று போட்டிருந்தது. எது எவ்வளவு என்று ஒரு வரி கிடையாது. திறந்தால் வாசனையே இல்லை. எண்ணெய் ஆவியான பிறகு மிச்சம் வெறும் தூள்தானே? எண்ணெய் இருந்தாலும் பெரும்பகுதி குடலின் தொடக்கத்திலேயே உறிஞ்சப்பட்டுவிடும், கிருமி இருக்கும் கீழ்க்குடலுக்குப் போய்ச் சேராது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கொழுப்புப் பூச்சு கொடுத்து விற்கிறார்கள். சரி, கூடக் கொஞ்சம் கலப்போம் என்றால் அந்தக் காட்டத்துக்குக் குட்டி தொட்டிப் பக்கமே வராது.

உண்மையில் சிக்கல் பால் மறக்கடிக்கும் வாரத்தில் இருக்கிறது. தாய்ப்பால் குடிக்கும்வரை பால் சர்க்கரை புளித்து வயிற்றில் அமிலத்தைக் காக்கும். பால் நின்றதும் அந்தப் புளிப்பு போய்விடும், சொந்த அமிலம் போதுமான அளவு சுரக்காது. ஓரிரு நாள் சரியாகத் தின்னாமல் கிடக்கும்போது குடல் சுவரில் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் குட்டையாகும். அப்புறம் பசியில் அள்ளித் தின்னும். செரிக்காத புரதம் கீழே இறங்கினால் ஈ.கோலை கிருமிக்குக் கொண்டாட்டம். இதை எந்தப் பொடி தடுக்கும்?

இரண்டாவது வாரத்திலிருந்தே குட்டித் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். பிரித்த பிறகு ஒரே வேளையில் கொட்டாமல் பல வேளையாகப் போடுங்கள். தரை காய்ந்திருக்கட்டும், இரவில் கதகதப்பு வேண்டும். ஓட்டல் மிச்சத்தை அந்தக் குட்டிகளுக்குக் காட்டவே வேண்டாம். கழிச்சல் வந்து துவண்டால் ஓமத்தைத் தேடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருக்கிற என் கொட்டகையில் இன்றும் ஓமம் போடுகிறேன், அன்றன்றைக்கு இடித்து, துளியளவு. அந்த டப்பாவில் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. வேண்டுபவர்கள் வந்து எடுத்துப் போகலாம்.