அம்மாவுக்கு அறிகுறி இல்லன்னா குழந்தைக்கு சிபிலிஸ் வராதா?

"சிபிலிஸ் எல்லாம் அந்தக் காலத்து நோய், இப்ப யாருக்கும் இல்ல, கர்ப்பிணிக்கு புண்ணு, தடிப்பு எதுவும் இல்லன்னா டெஸ்ட் தேவையில்ல"னு ஒரு மெசேஜ் சுத்திட்டு இருக்கு. தப்புங்க, தயவுசெஞ்சு இத ஃபார்வர்ட் பண்ணாதீங்க. சிபிலிஸ்ங்கிறது உடலுறவு மூலமா பரவுற ஒரு பாக்டீரியா தொற்று, இப்பவும் இருக்கு.

2022ல மட்டும் உலகம் முழுக்க சுமார் 7 லட்சம் பேருக்கு பிறவி சிபிலிஸ் (அம்மாகிட்ட இருந்து குழந்தைக்கு தொத்துறது)னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது. அமெரிக்காவுலயே 2012ல 335 குழந்தைங்களுக்கு இருந்தது 2022ல 3,700ஐ தாண்டிடுச்சு, அவ்ளோ பணக்கார நாட்டுல.

முதல்ல வர்ற புண்ணு வலிக்காது, தானாவே ஆறிடும், அதனால நிறைய பேருக்கு வந்ததே தெரியாது, ஆனா கிருமி ரத்தத்துல இருந்துகிட்டே இருக்கும், நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்குப் போயிடும். கரு கலையலாம், குழந்தை இறந்தே பிறக்கலாம். பிறக்கும்போது நல்லா இருக்குற மாதிரி தெரியுற குழந்தைக்கு கூட சிகிச்சை இல்லன்னா பின்னாடி எலும்பு, பல்லு, கண்ணு, காதுன்னு பாதிப்பு வரலாம்.

இதுல மனசு ரொம்ப வலிக்குறது என்னன்னா இதெல்லாம் தடுக்கக்கூடியதுதான். கர்ப்பம்னு தெரிஞ்சதும் ஒரு ரத்த டெஸ்ட், பாசிட்டிவ்னா பென்சதீன் பென்சிலின் ஊசி, பிரசவத்துக்கு ஒரு மாசம் முன்னாடியாவது ஆரம்பிச்சிடணும். அந்த ஊசி கருவ கலைச்சிடும்னு பயப்பட வேணாம், கர்ப்பத்துல சிபிலிஸுக்கு பரிந்துரைக்கிற மருந்தே அதுதான். கணவருக்கும் டெஸ்ட், சிகிச்சை வேணும், இல்லன்னா திரும்ப தொத்திக்கும். கியூபா 2015லயே தாய்கிட்ட இருந்து குழந்தைக்கு பரவுறத ஒழிச்சதா உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சுது.