அது பூட்டு இல்லை, கூடை

லிஃப்டில் என் நாய் செம்பாவை முகத்தில் மசிலோடு (கடிக்காமல் இருக்க மாட்டுவது) எடுத்துப் போட்ட படம் பற்றி மூன்று நாளாக எதுவும் சொல்லாமல்தான் இருந்தேன். இங்கே அதைப் பார்க்காதவர்கள் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. பதினோரு பேர் எனக்கே அனுப்பி, "இது நம்ம செம்பாதானே?" என்று கேட்டாகிவிட்டது. ஆமாம், நம்ம செம்பாதான். ஓரத்தில் பாதியாகத் தெரிகிற முழங்கால் என்னுடையது.

"பேச முடியாத ஜீவனோட வாயையும் பூட்டியாச்சு. இவங்கல்லாம் மனுசங்களா?" இதுதான் தலைப்பு. கூடவே அழுகிற பொம்மை நான்கு. படம் எடுத்தவர் கெட்டவர் இல்லை. பார்த்தால் சிரிப்பார், லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். அன்றைக்கும் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். இன்னொரு கையில் போன் இருந்ததைக் கவனிக்காதது என் தவறு.

சரி, இப்போது அந்தப் படத்தையே விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கம்பிகளுக்கு நடுவே இளஞ்சிவப்பாக ஒன்று நீளமாகத் தொங்குகிறதே, அது நாக்கு. வாய் அகலத் திறந்திருக்கிறது. பூட்டிய வாயிலிருந்து நாக்கு எப்படி ஐயா வெளியே வரும்? நூற்றுக்கும் மேலானவர்கள் கண்ணீர் விட்ட படத்தில், ஒருவருக்காவது இந்தச் சந்தேகம் வந்திருக்கலாம்.

அது பூட்டு இல்லை. கூடை.

குற்றம் நம் பேச்சிலும் இருக்கிறது. மசிலுக்குத் தமிழில் 'வாய்ப்பூட்டு' என்கிறோம். வாய்ப்பூட்டுச் சட்டம் என்று கேட்டே வளர்ந்த காதுக்கு அந்தச் சொல்லிலேயே ஒரு கொடுமை கேட்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பெயருக்குப் பொருத்தமான மசில் வேறு ஒன்று இருக்கிறது. துணியில் குழாய் மாதிரி தைத்து, மூக்கைச் சுற்றி இறுக்கிப் பிடிப்பது. அதைப் போட்டால் நாயால் வாயைத் திறக்கவே முடியாது. மருத்துவரிடம் ஊசி போடுகிற ஒன்றிரண்டு நிமிடத்துக்குச் சரி, அதற்கு மேல் கூடாது. கூடை மசில் அப்படி இல்லை. உள்ளே வாயைத் திறக்கலாம், இரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், தீனி வாங்கித் தின்னலாம். கடிக்க மட்டும்தான் முடியாது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை அப்படி இல்லை.

முதலில் நான் வாங்கியது துணி மசில்தான். ஏன் தெரியுமா? பார்க்க நன்றாக இருந்தது. கறுப்பாக, மெத்தென்று, கம்பி கிம்பி இல்லாமல். மாட்டினால் நாய் ஏதோ கழுத்துப்பட்டை போட்ட மாதிரி அடக்கமாகத் தெரிந்தது. கூடை மசிலைப் பார்த்தபோது சிறைக்கம்பி ஞாபகம் வந்ததால் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். துணி மசிலோடு அவளை நடக்கக் கூட்டிக்கொண்டு போனேன். பத்து நிமிடம் இருக்கும். அவள் நடை தளர்ந்தது. மூக்கால் மட்டும் மூச்சு வாங்கினாள். விலா இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டது. துணியின் ஓரத்தில் வெள்ளையாக நுரை. நான் என்ன நினைத்தேன் என்றால், அடம் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு தடவை வாரை இழுக்கவும் செய்தேன். அப்புறம் அவள் நான்கு காலையும் பரப்பிக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்துவிட்டாள். பக்கிளை அவிழ்க்கும்போது என் கை நடுங்கிய நடுக்கத்தில் அது மூன்று முறை நழுவியது. வாய் திறந்ததும் பார்த்தேன், ஈறு செக்கச்செவேல் என்று இருந்தது.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தின் அடியில் கொஞ்சம், அவ்வளவுதான். உடம்புச் சூட்டைத் தணிக்க அதற்கு இருக்கிற பெரிய வழி வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பது. இயல்பாகவே அதன் உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பயந்த நாய் இன்னும் வேகமாக இரைக்கும். அந்த வழியைத்தான் நான் 'அழகாக இருக்கிறதே' என்று துணி போட்டு மூடினேன். அன்றைக்கு யாராவது படம் எடுத்து, "இவங்கல்லாம் மனுசங்களா?" என்று கேட்டிருந்தால் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பேன். யாரும் எடுக்கவில்லை. எதிரே வந்த ஒருவர் "ச்சோ ஸ்வீட்" என்றுகூடச் சொன்னார்.

இதுதான் எனக்கு ஆறாத விஷயம். மூச்சை அடைக்கிற மசில் கண்ணுக்கு மென்மையாகத் தெரிகிறது, மூச்சு விட வைக்கிற மசில் கொடூரமாகத் தெரிகிறது. உங்கள் ஜீவகாருண்யம் எல்லாம் கண்ணோடு நின்றுவிடுகிறது.

அதற்குப் பிறகுதான் அளவு நாடாவும் கையுமாக உட்கார்ந்தேன். மூக்கு நுனியிலிருந்து கண்ணுக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே வரை நீளம். மூஞ்சியின் பருத்த இடத்தில் சுற்றளவு. இதுவரை எல்லோரும் எடுப்பார்கள். மறந்துபோவது உயரத்தை. வாயை மூடிக்கொண்டிருக்கும்போது எடுத்த உயரம் உதவாது, நன்றாக இரைக்கும்போது மூக்கின் மேலிருந்து தாடையின் கீழ் வரை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அந்த அளவுக்குக் கூடை ஆழமாக இருக்க வேண்டும். மூக்கு நுனிக்கும் கூடையின் முன்பக்கத்துக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் அளவு இடைவெளி. மேல் விளிம்பு கண்ணில் இடிக்கக் கூடாது. வார் காதுக்குப் பின்னால், ஒரு விரல் நுழைகிற இறுக்கத்தில். நெற்றி வழியாகப் போகிற இன்னொரு வார் இருந்தால் காலால் தள்ளிக் கழற்றிவிட முடியாது. செம்பாவுக்கு முதலில் வாங்கிய கூடை மூக்குத்தண்டில் உராய்ந்து ஒரு காசு அளவுக்கு முடி உதிர்ந்தது, மாற்றினேன். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு இந்த அளவுக் கணக்கு எதுவும் பொருந்தாது, அவற்றுக்கென்று தனி அமைப்பில் வருகிறது.

வாங்கிய அன்றே மாட்டிவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? ஐந்து வாரம் ஆனது. முதல் வாரம் முழுக்க அது தரையில் கிடக்கிற ஒரு கிண்ணம், அவ்வளவுதான். உள்ளே கடலை வெண்ணெய் கொஞ்சம் தடவி வைப்பேன், அவளாக மூக்கை விட்டு நக்கிவிட்டு எடுத்துக்கொள்வாள். (வாங்கும்போது சைலிட்டால் கலக்காததா என்று பார்த்து வாங்குங்கள், நாய்க்கு அது விஷம்.) ஒருநாள்கூட நான் கூடையை அவள் முகத்தை நோக்கிக் கொண்டுபோனதில்லை. முகம்தான் கூடைக்கு வர வேண்டும். அப்புறம் ஒரு நொடி, மூன்று நொடி, வார் கழுத்தைத் தொடுவது மட்டும், பக்கிள் 'டிக்' என்கிற சத்தம் மட்டும். கூடை முதலில், தீனி பிறகு. வரிசையை மாற்றினால், தீனியைக் கண்டாலே 'ஏதோ வருகிறது' என்று ஒதுங்க ஆரம்பித்துவிடும். தீனிக்கு முன்னால் ஒரு சத்தம் கேட்டுப் பழகினால் அந்தச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று காட்டினாரே, அந்தப் பாவ்லோவின் நாய் விஷயம்தான், வேறொன்றும் இல்லை. (அவர் 1904இல் நோபல் வாங்கியது ஜீரணம் பற்றிய ஆராய்ச்சிக்கு. நமக்கு ஞாபகம் இருப்பது என்னவோ எச்சில் மட்டும்.)

படத்துக்குக் கீழே எழுதியவர்களுக்கு வருகிறேன். "அவ்வளவு பயப்படும் நாயை எதற்கு வெளியே கூட்டி வருகிறாய்?" ஒன்றுக்குப் போக. அடுத்தது.

"அதட்டி வளர்க்கத் தெரியாதவர்களுக்குத்தான் மசில் தேவை." இதை எழுதிய அண்ணனுக்குப் பொறுமையாகவே சொல்கிறேன். பயந்த நாய் எடுத்த எடுப்பில் கடிக்காது. முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும், அப்படியே உறைந்து நிற்கும். இது எதுவும் நமக்குப் புரியாதபோதுதான் உறுமும். உறுமியதற்கு அதட்டினால் உறுமலைத்தான் விடும், பயத்தை விடாது. அப்புறம் "எச்சரிக்கையே இல்லாமல் கடித்துவிட்டது" என்பீர்கள். எச்சரிக்கையை அடித்து விரட்டியது யார்?

"மசில் போட்டிருக்கிறதே என்று உனக்கே அசட்டை வந்துவிடும்." இதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. வந்தது. ஒரு பையன் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டான். கூடைதான் இருக்கிறதே என்று விட்டேன். அவன் தலையைத் தடவினான், அவள் கல்லாக நின்றாள், அவன் சிரித்துக்கொண்டே போனான். அவள் நான்கு நாள் லிஃப்டில் ஏறவில்லை. மசில் பயத்தைப் போக்காது. கூடையாலேயே மோதினாலும் எதிராளிக்கு வலிக்கும். கடி என்கிற ஒன்றைத் தவிர வேறெதையும் அது தடுப்பதில்லை. அந்த நேரத்தில் தூரத்தைக் காக்க வேண்டியது நான்தான், காக்கவில்லை.

இன்னொருவர் இருக்கிறார். தன் நாயை வார் இல்லாமல் விட்டுவிட்டு, அது செம்பா மேல் பாய்ந்து ஓடி வரும்போது தூரத்திலிருந்து "ஒண்ணும் பண்ணாதுங்க!" என்று கையை ஆட்டுவார். அவர் நாய் ஒன்றும் பண்ணாது, சரி. என் நாய் பண்ணும், அதனால்தானே கூடை? தற்காத்துக்கொள்ளக்கூட முடியாமல் அவள் என் காலுக்கு நடுவே புகுந்துகொள்வாள். அந்தப் படத்துக்கு முதல் இதயம் போட்டது அவர்தான்.

ஆனால் அவர் போட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. யார் யாரெல்லாம் விரும்பியிருக்கிறார்கள் என்று கீழே இழுத்துக்கொண்டே போனேன். போயிருக்கக் கூடாது. அக்காவின் பெயர் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் செம்பா கடித்தது அக்காவைத்தான். கீழே விழுந்த வளையலை எடுக்க அவள் குனிந்தாள், செம்பா மேசைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டுக்கு மேலே இரண்டு ஓட்டை. கடியின் கடுமையை அளக்க இயன் டன்பார் என்கிற கால்நடை மருத்துவர் ஆறு நிலை வகுத்திருக்கிறார், அதில் இது மூன்றாவது. பல்லின் பாதி ஆழத்துக்கு மேல் போகாத ஒன்று முதல் நான்கு துளை வரை அந்த நிலையில் வரும். இதையெல்லாம் நான் அக்காவிடம் விளக்கினேன். கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தவளிடம் 'மூன்றாவது நிலைதான்' என்று சொன்னேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. அவள் அன்று சொன்னது ஒன்றே ஒன்று: "ஒரு கூடு போட்டு வெச்சிருக்கலாமேடி." அதன் பிறகு வீட்டுக்கு வரவில்லை. வெளியில் சந்திக்கிறோம், பேசுகிறோம், நாயைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

அக்கா, நீ சொன்னாய் என்றுதான் போட்டேன். போட்டதற்கு மனுசியா என்று கேட்கிற பதிவுக்கு நீயே கை தூக்கியிருக்கிறாய். ஒருவேளை செம்பா என்று தெரியாமல் போட்டிருப்பாய். பாதி முழங்கால்தானே தெரிகிறது.

எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ வந்துவிட்டேன்.

படம் எடுத்தவருக்கு: படத்தை நீக்க வேண்டாம், இருக்கட்டும், அதில் அவள் நன்றாகத்தான் மூச்சு விடுகிறாள். தலைப்பை மட்டும் மாற்றிவிடுங்கள். அடுத்த முறை லிஃப்டில் பார்த்தால், தயவுசெய்து குனிந்து கொஞ்ச வேண்டாம், கண்ணைப் பார்க்க வேண்டாம். நாங்கள் அடுத்த லிஃப்டில் வருகிறோம்.

அளவு கேட்டு உள்பெட்டிக்கு வந்த மூன்று பேருக்கும் நாளைக்குப் பதில் சொல்கிறேன். துணி தைக்கிற அளவு நாடா போதும். நாய் நன்றாக ஓடிவிட்டு வந்து இரைத்துக்கொண்டிருக்கும்போது, பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். வாய் திறந்திருக்க வேண்டும்.